இரண்டு விரல் கனம்

எங்கள் ஊரில் ஒருவர் இறக்க வேண்டுமென்றால், கடைசி மூன்று வருடங்களுக்குள் எடுத்த தெளிவான புகைப்படம் ஒன்று வேண்டும். படம் இல்லாமல் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்க மாட்டார்கள். ஃபிளெக்ஸ் கட்டாத மரணத்தை நகராட்சி ஏற்றுக்கொள்ளாது. நகராட்சி ஏற்காததை வைத்துக்கொண்டு யாரும் படுத்திருப்பதில்லை. எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டுவிடுவார்கள்.

அஞ்சலிக்கென்று யாரும் தனியாகப் படம் எடுத்து வைப்பதில்லை. கல்யாண வீட்டு குரூப் போட்டோவிலிருந்துதான் முகத்தை வெட்டி எடுப்பார்கள். பக்கத்தில் நின்றவரின் தோள் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அந்த குரூப் போட்டோக்களை எடுப்பவன் நான். பெயர் ஆவுடையப்பன். முப்பத்தோரு வருடமாகக் கல்யாணப் போட்டோகிராபர். எவர் எது சொன்னாலும் எதற்கு என்று கேட்பது என் வழக்கம். அதனால் என்னைப் பலருக்குப் பிடிக்காது. பிடித்ததாகச் சொல்பவர்களிடமும் எதற்கு என்று கேட்டிருக்கிறேன்.

முன்பெல்லாம் லென்ஸை எட்டில் வைத்து எடுப்பேன். எட்டு என்றால் லென்ஸின் கண் நன்றாகச் சுருங்கிவிடும். மேடையில் மூன்று வரிசை நின்றாலும், முதல் வரிசை மூக்குத்தியிலிருந்து கடைசி வரிசை மீசை வரை அத்தனையும் ஷார்ப்பாக விழும். நல்ல போட்டோகிராபர் என்று பெயர் வாங்கியது அப்படித்தான்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தை அப்படி எடுத்தேன். அந்த வருடம் முடிவதற்குள் இரண்டாவது வரிசை முழுக்கப் போய்விட்டது. அதில் இடமிருந்து நாலாவதாக நின்றவள் சண்முகவடிவு. என் மனைவி. படத்தைப் பார்த்துவிட்டு, நான் நல்லா விழுந்திருக்கேன் என்று சொன்னாள். நன்றாகத்தான் விழுந்திருந்தாள். ஃபிளெக்ஸில் இன்னும் நன்றாக இருந்தாள்.

அதன்பிறகு ஊர் உஷாராகிவிட்டது. எல்லோரும் கண் பெரிதான லென்ஸ் கேட்கிறார்கள். எண் குறையக் குறைய லென்ஸின் கண் பெரிதாகும். கண் பெரிதாக ஆக, ஷார்ப்பாக விழுகிற இடம் மெலிந்துகொண்டே போகும். அதற்கு முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் கரைத்த மாவு மாதிரி ஆகிவிடுவார்கள். மணமக்கள் மட்டும் ஷார்ப்பாக விழுந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கல்யாணம் பதிவாகாது. அவர்களுக்கு ஒரு வருடம் சாவிலிருந்து விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு இல்லை. இப்போதெல்லாம் விருந்துக்கு வருகிறவர்கள் பந்தி எப்போது என்று கேட்பதற்கு முன்னால், எத்தனையில் எடுக்கிறீர்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். எண் பிடிக்கவில்லையென்றால் கீழே நின்றே கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் எனக்கு நகராட்சியிலிருந்து பச்சைத் தாளில் ஒரு நோட்டீஸ் வந்தது. திரு. ஆவுடையப்பன் அவர்களின் கோப்பு முழுமை அடைந்துள்ளது என்றும், புகைப்படம் மட்டும் பாக்கி என்றும் எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை என் ஒரே மகள் கோமதிக்குக் கல்யாணம்.

எவனோ எனக்குக் கோப்பு திறந்திருக்கிறான் என்று புரிந்துகொண்டேன். வாசலுக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். எதிர்வீட்டு ரத்னசாமி சார் போன மாதம் கேமரா ஸ்டாண்டாக ஆகிவிட்டார். ரிட்டையரான பிறகு சும்மா இருக்கப் பிடிக்கவில்லையாம். மூன்று காலையும் பரப்பிக்கொண்டு அவர் வீட்டு கேட் ஓரமாக நிற்கிறார். அவர் மனைவி அவர் மேல் துண்டு காயப்போடுகிறார். ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் முகம் என்று நீங்கள் கேட்கலாம். அவர் எங்கள் வீட்டைத்தான் பார்க்கிறார்.

நகராட்சிக்குப் போனேன். நிழற்படப் பிரிவு மாடியில் கடைசி அறை. நான் நடக்க நடக்கக் கடைசி அறை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பாதி வழியில் ஒருவர் தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தானும் அங்கேதான் போவதாகவும், புதன்கிழமை கிளம்பியதாகவும் சொன்னார். எந்தப் புதன் என்று அவர் சொல்லவில்லை. நான் திரும்பி நின்று பின்னோக்கி நடந்தேன். உடனே முதுகில் அறைக் கதவு இடித்தது.

எழுத்தர் ஒருவர் முகங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். என் நோட்டீஸை வாங்கிப் பார்த்து, கோப்பு சரியாக இருக்கிறது என்றார்.

"என் கோப்பத் தொறந்தது யாரு?" என்று கேட்டேன்.

"விண்ணப்பதாரர்."

"அவரு பேரு?"

"அது காலமானவருக்கு மட்டும்தான் காட்டுவோம்."

"அந்த ஆளே நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இன்னும் ஆகலியே" என்றார்.

கோப்பை மூட என்ன வழி என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் படம் வராவிட்டால் தானாகவே மூடிவிடும் என்றார். அப்படி மூடினால் அதே ஆளுக்கு இன்னொரு கோப்பு திறக்கப் பத்து வருடம் ஆகுமாம். அதுவரை அந்த ஆள் எந்த லென்ஸிலும் ஷார்ப்பாக விழ மாட்டாராம். வெள்ளிக்கிழமை என் மகள் கல்யாணத்தைப் பதிவு செய்ய அவரேதான் வருகிறார். வரும்போது என் கோப்பையும் எடுத்து வருவதாகச் சொன்னார். கல்யாணச் சாப்பாடு எப்படி என்றும் விசாரித்தார். எதற்கு என்று கேட்டேன். சாப்பிட என்றார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் ஷார்ப்பாக விழாமல் இருந்தால் போதும். ஆனால் தாரை வார்க்கும்போது எடுக்கிற படம் இருக்கிறது. பெண்ணின் கையைத் தகப்பன் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அந்தப் படம் இல்லாமல் பதிவு கிடையாது. மகள் ஷார்ப்பாக விழ வேண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நிற்கிற நான் விழக் கூடாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் படத்துக்குள் நிற்பதால் கேமராவை நான் பிடிக்க முடியாது. இசக்கிமுத்துதான் பிடிக்க வேண்டும். அவன் சண்முகவடிவின் தம்பி. இருபது வருடமாக எனக்குத் துணையாக எடுப்பவன். நல்ல கைக்காரன். அக்கா போன பிறகு என்னிடம் அதிகம் பேசுவதில்லை. எட்டில் எடுத்தது நான் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் எஸ்தர் அக்காவின் லென்ஸ் கடைக்குப் போனேன். அக்கா லென்ஸ்களைத் தயிர் மாதிரி ஃபிரிட்ஜில் வைத்திருப்பார். வெளியே வைத்தால் கண்ட கண்டவர்களைப் பார்த்துக் கெட்டுப்போகும் என்பார். போனவுடன் ஒரு ஃபாரம் கொடுத்தார். தெரிய வேண்டியவர் என்று ஒரு கட்டம். தெரியக் கூடாதவர் என்று ஒரு கட்டம். முதலில் கோமதி என்று எழுதினேன். இரண்டாவதில் என் பெயரை எழுதினேன்.

"ஒங்க கண்ணுக்கும் மக கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

முந்தின நாள் தூங்கிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்து டெய்லர் டேப்பால் அளந்து வைத்திருந்தேன். கைபிடித்து நிற்கும்போது அவள் கண் முன்னால் இருக்கும். என் கண் நான்கு விரல் பின்னால் இருக்கும். அவ்வளவுதான்.

அக்கா விரல் கணக்கில் பேசினார். ஒன்று புள்ளி நாலு என்றால் ஷார்ப்பாக விழுகிற இடம் நாலு விரல் கனம். அதில் நான் மாட்டிக்கொள்வேன். ஒன்று புள்ளி இரண்டு என்றால் மூன்று விரல். நான் மூச்சு விட்டாலே உள்ளே வந்துவிடுவேன். பூஜ்யம் புள்ளி தொண்ணூற்றைந்து என்று ஒன்று இருந்தது. ஈயக் குண்டு மாதிரி கனத்தது. முன்பக்கக் கண்ணாடி உள்ளங்கை அகலம். அதில் இரண்டே விரல்.

அதற்கும் கீழே இருக்கிறதா என்று கேட்டேன். ஏழு இருக்கிறது என்றார் அக்கா. பூஜ்யம் புள்ளி ஏழு. அதில் ஒரு கண்தான் விழுமாம். போன மாதம் அதில் எடுத்த மணப்பெண்ணுக்கு இன்னொரு கண்ணை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். எனக்கு வேண்டாம் என்றேன். இரண்டு விரலை எடுத்துக்கொண்டேன்.

"இதுல ஃபோகஸ் தானா வராது அண்ணாச்சி. கையாலதான் திருகணும். பிடிக்கறது யாரு?"

"இசக்கி."

அக்கா ஃபிரிட்ஜை மூடினார்.

"நேத்து உங்க மச்சினன் வந்தாவ. எட்டுக்கு மேல தொறக்காத லென்ஸ் ஒண்ணு கேட்டு வாங்கிட்டுப் போனாவ" என்றார்.

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் நாலு வருடமாக ஒருவரும் எட்டு வாங்கவில்லை. அது எங்கே கிடந்தது என்று கேட்டேன். அரிசி டப்பாவுக்கு அடியில் என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் சந்தேகப்பட வேண்டியவர்களின் பெயர்களை எழுதினேன். முதலில் இசக்கிமுத்து. அடுத்து ரத்னசாமி சார். அடுத்து எஸ்தர் அக்கா, ஏனென்றால் எட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அவர்தான். டிபன் பாக்ஸ்காரரையும் எழுதினேன். கோமதியை எழுதவில்லை. பெற்ற மகளைச் சந்தேகப்படுகிற அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி இடம் விட்டு வைத்தேன்.

அவள் உள்ளே கல்யாண ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருடத்து ஆல்பங்கள். எதைத் தேடுகிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இந்த வெள்ளைச் சட்டை நீங்களா, பந்தல் துணியா என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. எதற்குக் கேட்கிறாய் என்றேன். சும்மா என்றாள்.

மூன்று நாளும் கண்ணாடி முன் நின்று பின்னால் சாய்ந்து பழகினேன். கை முன்னால் இருக்க வேண்டும். முகம் பின்னால் போக வேண்டும். கோமதி பார்த்துவிட்டு முதுகு வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். கல்யாணப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு இசக்கிமுத்து இரண்டு பைகளோடு வந்தான். முதல் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். நான் வாங்கிய இரண்டு விரல் லென்ஸ் இருந்தது. இரண்டாவது பையைக் கேட்டேன். அது பேட்டரி அத்தான் என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ஸ்டாண்ட் எங்கே என்று கேட்டேன். ரத்னசாமி சார் ஏற்கெனவே மேடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். பட்டுத் துண்டு போட்டிருந்தார்.

எழுத்தர் என் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மண்டபத்துக் கடிகாரத்தில் பதினொன்றே கால்.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. கோமதியின் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. மாப்பிள்ளை கையை நீட்டினான். நான் பின்னால் சாய்ந்தேன். என் உயிர் இரண்டு விரல் கனத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது. லென்ஸின் வளையத்தில் இசக்கியின் விரல் இருந்தது. அந்த விரல் கொஞ்சம் திருகினால் மகள் கரைந்து நான் தெளிந்துவிடுவேன். அவன் விரலையே பார்த்தேன். அது நகரவே இல்லை. படம் விழுந்த சத்தம் கேட்டது.

கேமராவின் பின்பக்கத்தில் படத்தைப் பார்த்தோம். கோமதியின் இரண்டு கண்ணும் ஷார்ப்பாக இருந்தன. மாப்பிள்ளை தெளிவாக இருந்தான். அவர்களுக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று இருந்தது. அது நான்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. இசக்கியைச் சந்தேகப்பட்டதற்கு வருத்தமும் கொஞ்சம் வந்தது. இரண்டாவது பை இன்னும் இருப்பதால் முழுதாக வருத்தப்படவில்லை.

எழுத்தர் வந்து படத்தைப் பார்த்தார். பெண் சரி என்றார். மாப்பிள்ளை சரி என்றார். பெண்ணின் கையைப் பிடித்திருப்பது யார் என்று கேட்டார். தகப்பன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு கை தெரியுது. தகப்பனார் தெரியலியே" என்றார்.

நான்தான் எதிரே நிற்கிறேனே என்றேன். படத்தில் இருப்பதைத்தான் எழுத முடியும் என்றார். பதிவேட்டில் மணமகளின் தகப்பனார் என்ற இடத்தில், ஒரு கை என்று எழுதினார். கோமதி அதைப் படித்தாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

எழுத்தர் பந்திக்குக் கிளம்பினார். இலையில் கோப்பை வைக்க முடியாது என்று சொல்லி, பன்னிரண்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகவும் அதுவரை வைத்திருக்கும்படியும் என் கோப்பை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அதைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு தாள் இருந்தது. புகைப்படம் கோரும் விண்ணப்பம். யாருடைய படம் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. விண்ணப்பதாரர் கோமதி. உறவு, மகள். எதற்கு என்ற இடத்தில், போகிற வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு என்று அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது.

மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோமதி மாலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா படம் இருக்கு. ஒங்க படம் ஒண்ணுகூட இல்லப்பா" என்றாள். "வேற ஃபாரம் இருக்கான்னு கேட்டேன். எல்லாத்துக்கும் ஒரே ஃபாரம்தான்னுட்டாங்க. நோட்டீஸ் வந்த பிறகுதான் புரிஞ்சுது. மாமாகிட்ட போய் அழுதேன்."

இசக்கியைப் பார்த்தேன். இரண்டாவது பையில் என்ன என்று கேட்டேன். அவன் திறந்து காட்டினான். எட்டு. கண்ணாடி சுண்டைக்காய் அளவுதான் இருந்தது. அரிசி வாசம் அடித்தது. ஒருவேளை என் படம் தப்பித் தவறி விழுந்துவிட்டால், தன்னை இதில் எடுத்து என் கோப்பில் வைத்து, எனக்குப் பதிலாகத் தான் போய்விடலாம் என்று வாங்கினானாம். தகப்பன் முகம் எழுத்தருக்கு எங்கே தெரியப்போகிறது என்றான். எனக்குப் பயங்கரமாகக் கோபம் வந்தது. என் மகள் வீட்டுச் சுவரில் இவன் தொங்குவானாம்.

மணி பதினொன்று ஐம்பது.

"அதைப் போடு" என்றேன்.

இசக்கி முடியாது என்றான். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. அந்த வெள்ளையே போதும். அது நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

"இப்பத் தெரியும். பத்து வருசம் கழிச்சு?"

அன்றைக்கு ஆல்பத்தில் விரல் வைத்துக் கேட்டவள்தானே. நானே பார்த்துச் சொல்ல முடியாததை அவள் எப்படிச் சொல்வாள்? நானும் சண்முகவடிவின் படத்தை நாலு வருடமாகத் தினமும் காலையில் பார்க்கிறேன். அவள் இடது புருவத்தில் ஒரு சின்ன தழும்பு உண்டு. உயிரோடு இருந்தபோது அதை நான் கவனித்ததில்லை. எட்டில்தான் அது விழுந்தது.

லென்ஸை நானே மாற்றினேன். ரத்னசாமி சாரிடம் ஒரு காலை அரை இஞ்சு இறக்கச் சொன்னேன். அவரே இறக்கிக்கொண்டார். எட்டு மாட்டியிருக்கிறது என்ற செய்தி அதற்குள் மண்டபத்தில் பரவிவிட்டது. நாற்காலிகள் விழுந்தன. நாதஸ்வரக்காரர் குழலை விட்டுவிட்டு மேளத்துக்குப் பின்னால் போனார். சமையல்காரர் தட்டால் முகத்தை மூடிக்கொண்டார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வெளியேறினார்கள். என் அண்ணன் வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் நின்றார். எழுத்தர் மட்டும் பந்தியில் இரண்டாவது பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேடையில் நானும் கோமதியும் மட்டும் இருந்தோம். மாப்பிள்ளைக்கு விலக்கு இருந்தும் ஓடிவிட்டான். இதை அப்புறம் விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் என்று ஒன்று இருக்குமா என்றும் நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது.

மகள் பக்கத்தில் போய் நின்றேன். மூன்று நாள் பழகிய முதுகு தானாகப் பின்னால் போனது. இழுத்து நேராக்கினேன். தோளோடு தோள் வைத்துக்கொண்டேன். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

இசக்கி கேமராவில் கண்ணை வைத்தான். கண்ணை எடுத்தான். துடைத்தான். மறுபடி வைத்தான்.

"ஒண்ணும் தெரிய மாட்டேங்குது அத்தான்" என்றான்.

"எட்டுலதானே வச்சிருக்க. நீ பாக்காண்டாம். அதுவே எல்லாத்தையும் பாத்துக்கிடும். அழுத்து."

அவன் விரல் பட்டனுக்குப் போனது. கோமதி என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். நெற்றியில் திருநீறு சரிந்திருந்ததைத் துடைத்துவிட்டாள்.

"சிரிங்கப்பா" என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை.